முன்பே நடந்து முடிந்த பார்வை

1980 நவம்பர் 12ஆம் திகதி, சனிக்கோளின் மிகப் பெரிய நிலவான டைட்டனை வொயேஜர் 1 விண்கலம் அதன் மையத்திலிருந்து 6,500 கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைந்த தொலைவில் கடந்து சென்றது. அந்த ஒரு சந்திப்புக்காக விண்கலத்தின் எஞ்சிய பயணமே விலையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. டைட்டனை அவ்வளவு நெருங்கினால் கலம் கோள்கள் சுற்றிவரும் தளத்தை விட்டு மேல்நோக்கி வீசப்பட்டுவிடும். அதன்பின் அது எந்தக் கோளையும் காணாது. புளூட்டோவுக்குப் போகும் பாதை ஒன்று அப்போது இருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் டைட்டனைத் தேர்ந்தார்கள். வொயேஜர் 1 தவறியிருந்தால், பின்னால் வந்துகொண்டிருந்த வொயேஜர் 2ஐயும் டைட்டனுக்கே திருப்பியிருப்பார்கள். யுரேனசும் நெப்டியூனும் கை நழுவியிருக்கும்.

இவ்வளவையும் கொடுத்து வாங்கிய படங்களில் தெரிந்தது ஒரு செம்மஞ்சள் உருண்டை மட்டுமே. மலை இல்லை, பள்ளம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. தரையை முழுக்க மூடிய புகைமூட்டம். கமராக்காரர்களுக்கு அது ஏமாற்றமான நாள். ஆனால் அதே கட்டடத்தில் வேறு சிலருக்கு அது கொண்டாட்ட நாள். விண்கலம் டைட்டனுக்குப் பின்னால் மறையும்போதும் மறுபக்கம் வெளிவரும்போதும் அதன் வானொலி அலைகள் அந்த நிலவின் வளியினூடே வளைந்து வந்தன. அந்த வளைவை அளந்தவர்கள், தரையில் அமுக்கம் பூமியினுடையதைப் போல ஒன்றரை மடங்கு, வெப்பநிலை ஏறத்தாழ மறை 180 பாகை செல்சியஸ் என்று கணக்கிட்டார்கள். புற ஊதாக் கருவி வளியில் பெரும்பங்கு நைதரசன் என்று காட்டியது. அகச்சிவப்புக் கருவியின் வளைகோடுகளில் எதேன், அசற்றிலீன், புரொப்பேன், ஐதரசன் சயனைட்டு என ஒரு பட்டியலே இருந்தது. கமராவைத் தோற்கடித்த அந்த மூட்டம்தான் மற்றக் கருவிகளுக்கு விருந்து.

செக்கனுக்குப் பதினேழு கிலோமீற்றர் வேகத்தில் போகும் கலம், டைட்டனின் விட்டமளவு தூரத்தை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடும். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் ரயில் கடுகண்ணாவைச் சுரங்கங்களுக்கு இடையே வெளிவரும் கணத்தில் கீழே பள்ளத்தாக்கு தெரியுமே, அப்படி. எந்தப் பக்கம் உட்காருவதென்று முன்பே தீர்மானித்தவருக்குத்தான் அது கிடைக்கும். விண்கலம் நிற்காது, திரும்பாது. அதனிடம் பேசுவதற்கும் நேரமில்லை: அன்று சனியிலிருந்து செய்தி வந்துசேர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். எந்தக் கருவி எந்தச் செக்கனில் எங்கே திரும்ப வேண்டும் என்ற கட்டளைகளையெல்லாம் நெடுநாள் முன்பே எழுதி, விவாதித்து, விட்டுக்கொடுத்து, கலத்தின் கணினிக்கு அனுப்பி வைத்திருப்பார்கள். நெருக்கத்தின் உச்சக்கட்டத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் அங்கே எல்லாம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும்.

எனவே பார்வை என்பது அந்த நாளில் நடப்பதில்லை. அது முன்பே நடந்து முடிந்திருக்கிறது. அன்று வந்து சேர்வது அதன் விடை.

இதைக் கண்டியிலிருந்து யோசிப்பதற்குக் காரணம் உண்டு. கண்டி வானியலுக்கு உகந்த ஊரன்று. இரண்டு பருவமழைகளும் இடையே வரும் பின்னேர மழைகளும் வானத்தை ஆண்டின் பெரும்பகுதி மூடி வைத்திருக்கும். மேகம் விலகும் இரவுகளில், பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், சனி ஏறக்குறைய தலைக்கு நேர் மேலாகவே வந்துபோகும். சிறிய தொலைநோக்கி இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளியாக டைட்டனும் தெரியும். அவ்வளவுதான். ஆனால் நகரத்துக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சரிவில் ஒரு நிறுவகம் இருக்கிறது. 1981இல் பாராளுமன்றச் சட்டமொன்றால் உருவாகி, பின்னர் இந்தச் சரிவுக்கு வந்த அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். 1984இல் அதன் பணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் சிறில் பொன்னம்பெரும. டைட்டனின் புகைமூட்டத்துக்கும் ஹந்தானையின் மூடுபனிக்கும் இடையே ஒரு நேர்கோடு போட முடியுமானால் அது இந்த மனிதர் வழியாகத்தான் போகும்.

காலியில் 1923இல் பிறந்தவர். முதற்பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தில், 1948இல். பாடம் மெய்யியல். பிறகுதான் இலண்டனுக்குப் போய் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனவியல் கற்றார். அங்கே உயிரின் தோற்றம் பற்றி யோசித்துக்கொண்டிருந்த பௌதிகவியலாளர் ஜே.டி. பேர்னாலின் செல்வாக்குக்கு ஆளானார். அடுத்து பேர்க்லியில் மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம். 1963இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வுகூடம். 1971 முதல் மேரிலாந்துப் பல்கலைக்கழகம். ‘எங்கிருந்து வந்தோம்’ என்று மெய்யியல் வகுப்பில் கேட்கப்படும் கேள்வியைக் குடுவைக்குள் போட்டுப் பார்க்கலாம் என்று நம்பியவர் என அவரது வாழ்வைச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

அந்தக் குடுவையில் என்ன இருந்தது? மெதேன், அமோனியா, நீர். ஆதிப் பூமியின் வளி இப்படி இருந்திருக்கலாம் என்று அன்று கருதப்பட்ட கலவை. அதன்மீது இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி, கல்வினோடும் மற்றவர்களோடும் சேர்ந்து, 1963இல் அடினைனைக் கண்டெடுத்தார். நம் மரபணுவின் நான்கெழுத்துகளில் ஒன்று அது. அதே ஆண்டு கார்ல் சேகனோடும் ரூத் மரினரோடும் சேர்ந்து, அடினைனிலிருந்து உயிரணுக்களின் சக்திக் காசான ஏ.டி.பி. வரை போகும் பாதையைக் காட்டினார்.

அடினைனின் சூத்திரத்தை எழுதிப் பார்த்தால் ஓர் எளிமை கண்ணில் படும்: காபன் ஐந்து, ஐதரசன் ஐந்து, நைதரசன் ஐந்து. அதாவது ஐந்து ஐதரசன் சயனைட்டு மூலக்கூறுகளைக் கூட்டினால் ஓர் அடினைன். ஹுவான் ஓரோ 1960இலேயே சயனைட்டிலிருந்து அதைச் செய்து காட்டியிருந்தார். 1980களில் இந்த நாட்டில் சயனைட்டின் பெயரைக் கேட்ட தமிழருக்கு அது இரசாயனவியல் பாடமாக இருக்கவில்லை. ஆனால் அந்த மூலக்கூறுக்கு நம் வரலாறு தெரியாது. சனியின் நிலவொன்றில், சூரிய ஒளியும் சனியின் காந்தப்புலத்திலிருந்து வந்து மோதும் துகள்களும் நைதரசனையும் மெதேனையும் உடைக்க, அது தன்பாட்டில் உண்டாகிக்கொண்டிருந்தது.

வொயேஜரின் அகச்சிவப்பு வளைகோட்டில் அந்தப் பெயரை எப்படி வாசித்தார்கள்? ஒவ்வொரு வாயுவும் எந்த அலைநீளத்தில் எவ்வளவு விழுங்கும், எவ்வளவு உமிழும் என்பதைப் பூமியின் ஆய்வுகூடங்களில் யாரோ ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்கள். அந்த அட்டவணை இல்லாவிட்டால் வந்திருப்பது வெறும் மேடுபள்ளக் கோடு. அடுத்த ஆண்டே, 1981இல், பொன்னம்பெருமவும் சக ஆய்வாளர் இருவரும் டைட்டனின் வளியில் கரிமச் சேர்வைகள் எப்படி உருவாகலாம் என்ற தமது பரிசோதனையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பொன்னம்பெரும டைட்டனுக்கு வந்து சேர்ந்தது 1980இல் அல்ல. வொயேஜர் ஏவப்படுவதற்கு 14 ஆண்டுகள் முன்பே அவரது குடுவை அந்தத் திசையில் கிளம்பிவிட்டது.

அவர் பணிப்பாளராக வந்த கண்டி எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. வொயேஜர் 2 சனியைக் கடந்த 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழர்களின் லயங்கள் எரிந்துகொண்டிருந்தன. 1983 யூலை இனவன்முறைக்கு அடுத்த ஆண்டில் அவர் பொறுப்பேற்றார். 1989 ஓகஸ்ட் 25ஆம் திகதி அதே வொயேஜர் 2, நெப்டியூனின் பனிநிலவான ட்ரைட்டனைக் கடந்தது. படங்களைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மறை 235 பாகைக் குளிரில் எட்டுக் கிலோமீற்றர் உயரத்துக்கு எழும் புகைத் தாரைகளைக் கண்டுபிடித்தார்கள். சில வாரங்களில், அந்த ஒக்டோபரில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குளத்தைச் சுற்றி இளைஞர்களின் வெட்டப்பட்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. ஹந்தானை நிறுவகத்துக்கும் அந்தக் குளத்துக்கும் இடையே சில கிலோமீற்றர் தூரம்தான்.

இவற்றை அருகருகே வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் அருகருகேதான் நடந்தன. இப்படிப்பட்ட நாட்டுக்கு உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வு எதற்கு என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். சோறு, உரம், மருந்து, மின்சாரம் என்று அடுக்குவார்கள். நியாயமான கேள்விதான். ஹந்தானையில் பிறகு கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் சாயமூட்டிய திண்மநிலைச் சூரியக் கலங்கள் பற்றி உலகம் கவனித்த வேலையைச் செய்தார்கள் என்று பதில் சொல்லலாம். ஆனால் அப்படிப் பதில் சொன்னால் கேள்வியின் விதிகளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பயன் வந்தால்தான் அனுமதி என்றால், 1963இன் அடினைனுக்கு அனுமதி கிடைத்திருக்காது. அன்று டைட்டனில் நைதரசன் இருப்பதுகூட யாருக்கும் தெரியாது.

முன்தயாரிப்பே பார்வை என்று சொல்லும்போது ஓர் ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தயாரான கண் தயாரானதையே காணும். இந்த ஆபத்துக்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அதே நிறுவகத்தின் முதலாவது பணிப்பாளர் சந்திரா விக்கிரமசிங்க. விண்வெளித் தூசியில் கரிமப் பொருள் உண்டு என்று பலர் ஏற்கத் தயங்கிய காலத்திலேயே வாதிட்டவர்; அதில் காலம் அவர் பக்கம் நின்றது. ஆனால் உயிரே விண்வெளியிலிருந்துதான் வந்தது என்ற கொள்கையை அவர் வாழ்நாள் முழுதும் ஏந்தினார். 2012 டிசம்பரில் பொலன்னறுவை மாவட்டத்தின் அரலகங்விலவில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களில் பாசிகளின் எச்சங்கள் இருப்பதாக அவரது குழு அறிவித்தது. அவை நம் குளத்து நீரில் வாழும் இனங்கள், கல் விண்கல்தானா என்பதே ஐயம் என்று துறை சார்ந்த பலர் மறுத்தார்கள்.

இதோடு ஒப்பிட வேண்டியது பொன்னம்பெருமவும் பங்கேற்ற மேர்ச்சிசன் ஆய்வு. 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவில் விழுந்த அந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. கல்லைத் தொட்ட விரலிலும் அமினோ அமிலம் இருக்கிறதே! ஆகவே அவர்கள் முதலில் தேடியது தங்கள் முடிவைக் கவிழ்க்கக்கூடிய சான்றை. பூமியின் உயிர்கள் இடக்கை வடிவ அமிலங்களை மட்டுமே புரதத்துக்குப் பயன்படுத்தும். கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. நம் புரதங்களில் இல்லாத அமிலங்களும் இருந்தன. அதன் பிறகுதான், 1970 டிசம்பரில், கட்டுரை வந்தது. அதிலும் ‘உயிர்’ என்று அவர்கள் சொல்லவில்லை. இரசாயனம் என்று சொன்னார்கள்.

2005இல் சனியின் என்சலடஸ் நிலவில் நடந்ததும் இதே வகை. 500 கிலோமீற்றர் விட்டமுள்ள அந்தப் பனியுருண்டையை கசினி விண்கலம் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் கடந்தபோது, சனியின் காந்தப்புலக் கோடுகள் அதைச் சுற்றி ஏதோ தடை இருப்பதுபோல வளைந்திருந்தன. காந்தமானிக் குழுவின் தலைவர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிஷேல் டொஹெட்டி. அவ்வளவு சிறிய நிலவுக்கு வளிமண்டலம் தங்காது. கருவி பொய் சொல்கிறதா, நிலவு ஏதேனும் கக்குகிறதா? ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவில் திட்டமிடப்பட்டிருந்த யூலைப் பயணத்தை இன்னும் மிக நெருக்கமாக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். மற்றக் குழுக்களின் திட்டங்கள் கலையும், எரிபொருள் செலவாகும். ஆனாலும் இணங்கினார்கள். யூலை 14ஆம் திகதி கலம் 173 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தது. அதற்கு முந்தைய இரவுகளில் தூக்கம் வரவில்லை என்று டொஹெட்டி பின்னர் சொல்லியிருக்கிறார். ஒன்றும் இல்லையென்று ஆகியிருந்தால் இனி யாரும் தன்னை நம்பமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தென்துருவத்தின் வெடிப்புகளில் வெப்பம் இருந்தது, நீராவி இருந்தது, பனித்துகள் இருந்தது.

தூக்கமில்லாத அந்த இரவுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். கருவி காட்டியதை அப்படியே அறிவித்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருக்கலாம். தன்னைப் பொய்யாக்கக்கூடிய தூரத்துக்கு நெருங்கிப் போகச் சொன்னதில் இருப்பது வேறு வகைத் துணிச்சல்.

முன்னதாகவே எழுதி வைக்கும் பார்வைக்கு இன்னொரு பலவீனம், அதில் ஒரு வரி விடுபட்டால் விடுபட்டதுதான். 2005 ஜனவரி 14ஆம் திகதி ஹைகன்ஸ் கலம் டைட்டனின் மூட்டத்தைத் துளைத்துத் தரையிறங்கியது. அதன் செய்திகளைப் பெற கசினியில் இரண்டு வாங்கிகள் இருந்தன. ஒன்றைத் திறக்கும் கட்டளை நிரலில் இடம்பெறவில்லை. டைட்டனின் காற்றை அளக்கும் பரிசோதனை அந்த வழியை நம்பியிருந்தது. அதற்காக 18 ஆண்டுகள் உழைத்தவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். தரவு வெற்றிடத்தில் கரைந்து போனது. அவர்களைக் காப்பாற்றியது பூமியின் பெரிய வானொலித் தொலைநோக்கிகள். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்தவை, சனியின் தொலைவிலிருந்து வந்த மெல்லிய அலையை நேரடியாகவே கேட்டுப் பதிந்திருந்தன. காற்றின் வேகத்தை அந்த அலையின் அசைவிலிருந்து மீட்டெடுத்தார்கள்.

விடை வந்த பிறகும் கேள்வி பல காலம் காத்திருக்கலாம் என்பதும் இந்தக் கதைகளில் உண்டு. வொயேஜரின் அந்த வெறுமையான செம்மஞ்சள் படங்களை 2004இல் சிலர் மறுபடி எடுத்துக் கணினியில் துருவினார்கள். செம்மஞ்சள் வடிகட்டியில் எடுத்த படங்களுக்குள் டைட்டனின் தரையின் மங்கலான நிழல்கள் 24 ஆண்டுகளாக இருந்திருக்கின்றன. என்சலடஸ் கக்கும் பனித்துகள்களை கசினியின் தூசிக் கருவி பிடித்து எழுதிய தரவுகளில் பொசுபேற்று இருப்பது 2023இல்தான் தெரிந்தது. கசினி அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே சனிக்குள் விழுந்து எரிந்துவிட்டது. பேர்லினில் இருந்த குழுவினர் பொசுபேற்று கலந்த நீரை ஆய்வுகூடத்தில் தயாரித்து, அது அந்தக் கருவியில் எப்படிப் பதியும் என்று பார்த்த பிறகே பழைய கோடுகளுக்குப் பெயர் கிடைத்தது. மறுபடியும் குடுவை.

இந்த இடத்தில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கையும் நினைக்க வேண்டும். 1968இல் வெளியான தன் நாவலில் சனியின் இயபெட்டஸ் நிலவில் வெள்ளை நீள்வட்டமும் நடுவே கறுப்புப் புள்ளியும் இருப்பதாக அவர் எழுதியிருந்தார். வொயேஜரின் படத்தில் அதுபோலவே ஒன்று தெரிய, சேகன் அந்தப் படத்தைக் குறும்பான குறிப்போடு அவருக்கு அனுப்பினார். 2007 செப்டெம்பர் 10ஆம் திகதி கசினி இயபெட்டஸை நெருங்கிக் கடந்தபோது, 89 வயதான கிளாக் கொழும்பிலிருந்து அந்த விஞ்ஞானிகளுக்கு வீடியோவில் வாழ்த்து அனுப்பினார். தன் ஊகம் பலித்ததென்று அவர் உரிமை கோரவில்லை. அதை ஒரு நல்ல வேடிக்கையாகவே வைத்துக்கொண்டார். கற்பனைக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்று தெரிந்தவர்களுக்கே அந்தச் சிரிப்பு வரும்.

சின்ன நாட்டால் விண்கலம் அனுப்ப முடியாது, ஆனால் கேள்வி தயாரிக்கலாம் என்று இந்தக் கட்டுரையை ஆறுதலாக முடித்துவிடுவது எளிது. அது அரை உண்மை. பொன்னம்பெரும கேள்வி தயாரித்தது ஏம்ஸிலும் மேரிலாந்திலும்; ஹந்தானைக்கு அவர் கொண்டுவந்தது ஏற்கெனவே முதிர்ந்த கேள்வியை. 1994இல் அவர் மறைந்தார். ஆய்வுக்காக இந்த நாடு செலவிடுவது நெடுங்காலமாகவே மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 0.2 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. குடுவை மலிவுதான். அதைத் தொடர்ந்து 15, 20 ஆண்டுகள் ஒரே கேள்வியோடு வைத்திருக்கும் மனிதர்கள்தான் விலை கூடியவர்கள்.

யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024இல் கிளம்பிவிட்டது. 2030இல் வியாழனை அடைந்து, அதன் நிலவான யூரோப்பாவை 49 தடவை கடக்கப் போகிறது. டைட்டனின் தரையில் இறங்கிப் பறந்து திரியப்போகும் டிராகன்ஃபிளை 2028இல் புறப்பட்டு 2034இல் அங்கே சேரும் என்பது திட்டம். 1963க்கும் 1980க்கும் இடையே 17 ஆண்டுகள். 2034இலிருந்து அதே 17 ஆண்டுகளைப் பின்னோக்கிக் கழித்தால் வருவது 2017. அந்த ஆண்டில் பேராதனை இரசாயனவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் 2020இல் கொரோனாவையும் 2022இல் எரிபொருள் வரிசையையும் பார்த்தார்கள். பலர் விமானம் ஏறிவிட்டார்கள். டைட்டனிலிருந்து வரும் வளைகோட்டை அவர்களில் ஒருவர் வேறொரு நாட்டு ஆய்வுகூடத்தில் நின்று சரியாக வாசிக்கக்கூடும். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் காலியில் பிறந்து, சென்னையில் மெய்யியல் படித்து, உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பிவந்த ஒருவருக்கு 1984இல் பொறுப்பேற்க இந்த நாட்டில் ஒரு நிறுவகம் இருந்தது. 2034இல் திரும்பி வருபவருக்கு என்ன இருக்கப்போகிறது என்பதை நாம் இந்த வருட வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதிக்கொண்டிருக்கிறோம்.